கஸ்தூரி அக்கா எனக்கு எப்படிப் பழக்கம்

புதுப்பட்டினத்தில் என் மருந்துக் கடை வாசலில் ஷேர் ஆட்டோவை நிறுத்திய ஓட்டுநர் இறங்காமலே சொன்னார்: “மெடிக்கல் அக்கா, நம்ம ஒறக்காரம்மா பூட்டாங்க. மாரடைப்பாம்.” கடலோரக் குப்பங்களிலும் லாரிகள் நிற்கும் இடங்களிலும் ஆணுறை கொடுத்து, பால்வினை நோய் பற்றிக் கூசாமல் பேசிய களப்பணியாளர் கஸ்தூரி அக்காவை ஊர் அப்படித்தான் அழைத்தது. முதுகுக்குப் பின்னால் நானும் அப்படித்தான் அழைத்தேன்.

முதன்முதலில் அவர் கடைக்கு வந்தபோது ஆணுறைப் பெட்டி மேசைக்கு அடியில், பழைய செய்தித்தாள் கட்டுக்குப் பின்னால் இருந்தது. கேட்பவர்களுக்குத் தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுக் கொடுப்பேன். அவர் குனிந்து பார்த்தார். “இருமல் மருந்து மேல ஜம்முனு குந்திகினு கீது. இது இன்னா திருடிகினு வந்ததா? கேக்க வெக்கப்பட்டு திரும்பிப் போறவன் வூட்டுக்கு சீக்க எடுத்துகினு போறாம்மா.” சிரித்து அனுப்பிவிட்டேன். பெட்டியை நகர்த்தவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வெளியூர் வேலைக்குப் போய்வந்த கணவரிடமிருந்து எனக்கே தொற்று வந்தது. மருத்துவரிடம் போகக் கூசி, என் அலமாரியிலிருந்தே மாத்திரை எடுத்து விழுங்கினேன். குறைந்தது, மறுபடி வந்தது. வேறு வழியில்லாமல் அக்காவிடம் சொன்னேன். எதையும் துருவாமல் செங்கல்பட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். சோதனை முடிந்து வந்ததும், “உன் வூட்டுக்காரரு எங்க?” என்றார். அவரிடம் சொல்லவே இல்லை என்றேன்.

“நீ மட்டும் முழுங்கினா அவரு திருப்பிக் குடுப்பாரு. ரெண்டு பேரும் முழுசா முழுங்கணும். டாக்டரு செரின்னு சொல்ற வரைக்கும் ஆளுக்கு ஒரு பாயி.”

அடுத்த வாரம் கணவரையும் அழைத்துப்போனோம்.  பேருந்தில் அக்கா வேர்க்கடலை வாங்கி மூவருக்கும் பிரித்துக் கொடுத்தார். பிறகு ஒருநாளும் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

சாவு வீட்டில் அவருடைய தங்கை கேட்டார்: “நீங்க அக்காவுக்கு எப்டி பழக்கம்?” சுற்றிலும் என் கடைக்கு வரும் பெண்கள்.

“கடைக்கு வருவாங்க,” என்றேன்.

பக்கத்தில் மடியில் குழந்தையோடு இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “எனக்கு சீக்கு வந்தப்ப அக்காதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க.” பிறகு என்னைப் பார்த்தாள். “அதுக்கு மின்னாடி உங்க கடைக்குத்தான் ஒற கேக்க வந்தேன்க்கா. ஆம்பளைங்க நின்னுகினு இருந்தாங்க. திரும்பிட்டேன்.”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை.

அக்காவை அறிந்தவர்களே, அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அவர் என் கடைக்கு வந்தவர் மட்டுமல்ல. என் நோய்க்கு என்னோடு வந்தவர். பெட்டி இப்போது இருமல் மருந்துக்குப் பக்கத்தில், வாங்குபவரே எடுக்கும்படி இருக்கிறது. நேற்று ஒருவர் எடுத்து நீட்டியதும் என் கை பழக்கத்தில் செய்தித்தாளுக்குப் போனது. “இது இன்னா திருடிகினு வந்ததா?” அந்தக் குரல்தான் எனக்கு மிச்சம். கையை இழுத்துக்கொண்டு, அப்படியே கொடுத்தேன்.