பால் வாளியில் ஊற்றிய பெட்ரோல்

மலாயாவில் தங்காக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் உருட்டும் மில்லின் எஞ்சினை நான்தான் பார்த்துக்கொண்டேன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. காதால் கேட்டுக் கேட்டுப் பழகிய வேலை. அதனால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் ஐயாவின் பழைய மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் கைக்கு வந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது.

தலைப்பிரசவத்துக்காக என் மனைவி எட்டு மைல் தள்ளி, அதே தோட்டத்தின் கீழ் டிவிஷனில், அவள் அக்கா வீட்டில் இருந்தாள். ஒருநாள் காலையில் அங்கிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்தான்.

"பிள்ளைக்குக் காலு மொதல்ல வருதாம். மருத்துவச்சி பயப்படுது. டிரசர் ஐயாவ ஒடனே கூட்டியாங்க."

ஐயா மருந்துப் பெட்டியோடு ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். மூன்றாவது மைலில் எஞ்சின் இருமியது, நின்றது.

கார்புரேட்டரின் மேலே உள்ள குமிழை அழுத்தினேன். பெட்ரோல் வழிந்தது. அப்படியானால் கார்புரேட்டர் கிண்ணம் வரை வருகிறது. உதைத்ததும் எஞ்சின் எழுந்தது, வேகம் கொடுத்ததும் செத்தது. காற்றுப் பிடியை முழுக்க மூடினால் மட்டும் கொஞ்சம் ஓடியது. எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் திருகு, ஜெட்தான் அடைத்திருக்க வேண்டும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசிமுனை அளவு துளை தெரியவில்லை. கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும். வாயில் வைத்து ஊதினேன். நூல் மாதிரி ஏதோ இழுபட்டு உதட்டில் ஒட்டியது.

மில்லில் தினமும் முகரும் வாசனை. ரப்பர்.

முதல்நாள் புனல் கிடைக்காமல், ரப்பர் மரத்துப் பால் எடுக்கும் வாளி ஒன்றில் பெட்ரோலைப் பிடித்து டாங்கில் ஊற்றியிருந்தேன். மூக்கு வைத்த வாளி, ஊற்ற வசதி. அடியில் காய்ந்து கிடந்த பால் பெட்ரோலில் கரைந்திருக்கிறது. டாங்கு முழுக்க இனி கோந்துதான்.

"என்ன, குப்பையோ?" என்றார் ஐயா.

"ஆமாங்க ஐயா."

"கெதியாச் செய், நேரம் போகுது. உன்ர எஞ்சினுக்குப் பேறு பாக்கிறதோ, உன்ர பெண்சாதிக்குப் பாக்கிறதோ?"

பின்பக்கம் சீல் உடைக்காத சின்ன பெட்ரோல் தகரம் ஒன்று கட்டியிருந்தது. டாங்கைக் காலி செய்து அதை ஊற்றியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே. ஜெட்டை மாட்டி, ஏறுங்கள் என்றேன்.

ஒரு மைல்கூடப் போகவில்லை. மறுபடி நின்றது. மறுபடி கழற்றினேன். பெட்ரோல் ஈரத்தில் விரல் வழுக்கி ஜெட் செம்மண்ணில் விழுந்தது. இரண்டு பேரும் முட்டி போட்டுத் தேடினோம். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அவர் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஜெட்டைக் கண்டெடுத்தவரும் அவர்தான்.

"ஐயா, குப்பை இல்லீங்க. பால் வாளியில ஊத்திட்டேன். ரப்பர் கரைஞ்சிருக்கு."

"எப்பத் தெரியும்?"

"மொதல்ல நின்னப்பவே."

"பிறகு ஏன் சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்திச்சு ஐயா."

"வெக்கமோ? அங்க கிடக்கிறது உன்ர பெண்சாதியெல்லோ!"

டாங்கில் இருந்ததை எல்லாம் ரோட்டோரம் ஊற்றினேன். தகரத்துப் பெட்ரோலில் கொஞ்சம் விட்டு டாங்கையும் கிண்ணத்தையும் அலசி, மீதியை ஊற்றி ஜெட்டை மாட்டினேன். பிறகு வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை.

அக்கா வீடு இருந்த லயத்து வாசலிலேயே குழந்தையின் அழுகை கேட்டது. மனைவி களைத்துக் கிடந்தாலும் கண் திறந்து எங்களைப் பார்த்தாள். கால் வந்து தலை சிக்கியதும், காத்திருக்கப் பயந்து மருத்துவச்சி குழந்தையின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஐயா குழந்தையின் இடது கையைத் தூக்கி விட்டார். அது தொப்பென்று விழுந்தது.

"கொஞ்சம் முந்தி வந்திருந்தால்..." என்று தொடங்கியவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். மனைவியிடம், "ரோட்டு சரியில்லை, பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

மகளுக்கு இப்போது கல்யாண வயது. தலை பின்னும்போது இடது கை தோளுக்கு மேல் போகாது, கழுத்தைச் சாய்த்துக்கொள்வாள். ரோடு சரியில்லாததால் வந்தது என்றுதான் அவளும் நினைத்திருக்கிறாள். அவள் சீப்பை எடுத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.