அணைச்சாச்சு

காரேஜில் எல்லோரும் அவனை 'அணைப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்தது. அணைப்பு என்றதும் கட்டிப்பிடிக்கிற ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். தோளில் கை போட்டால்கூட நெளிகிற ஆள். கார் டேஷ்போர்டில் எரியக்கூடாத விளக்கு எரிந்தால் அதை அணைத்துத் தருவான். அதனால் வந்த பெயர்.

ஹாரன், வைப்பர், பேட்டரி என்று எலக்ட்ரிக் வேலை எல்லாமே பார்ப்பான். ஆனாலும் பழைய கார்க்காரர்கள் அவனைத் தேடி வந்தது ஒரே ஒரு விளக்குக்காக. ஏர்பேக் விளக்கு. மோதினால் பட்டென்று ஊதி ஓட்டுகிறவரின் முகத்தை ஏந்திக்கொள்ள ஸ்டீயரிங்குக்குள் ஒரு பையை மடித்து வைத்திருக்கிறார்களே, அதற்கும் வயதாகும் என்று யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. ஸ்டீயரிங்குக்கு அடியில் பைக்குப் போகிற வயர் சுருண்டு கிடக்கும். வலமும் இடமுமாகப் பதினைந்து வருடம் திருப்பினால் அது ஒடியாமல் என்ன செய்யும்? ஒடிந்த அன்று டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஏறும். பை செத்துவிட்டது, நம்பாதே என்று அர்த்தம். பை செத்ததைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. விளக்கு எரிந்தால் வருடாந்திரப் பரிசோதனையில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்றுதான் கவலை. புதுச் சுருள் வயரோ, அந்தப் பழைய மாடலுக்கு வருவதே நின்றுபோயிருந்தது.

அணைப்பின் வைத்தியம் அரை மணி நேரம். ஏர்பேக் விளக்கின் வயரை வெட்டுவான். பக்கத்தில் இருக்கும் இஞ்சின் ஆயில் விளக்கின் வயரோடு சேர்த்து முறுக்குவான். சாவியைப் போட்டால் இரண்டும் சேர்ந்து எரியும், இஞ்சின் கிளம்பினால் இரண்டும் சேர்ந்து அணையும். பரிசோதகர் எட்டிப் பார்ப்பார். வந்தது, போனது, கையெழுத்து. மற்ற காரேஜ்களில் பல்பையே பிடுங்கி எறிகிற மடையர்கள் இருந்தார்கள், சாவி போட்டும் விளக்கே வராததால் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கண்ணில் மண்ணைத் தூவுவதென்றால் அதையும் ஒழுங்காகத் தூவ வேண்டும் என்பது நம்ம ஆளின் கொள்கை.

ஒரே ஒரு வித்தியாசம் இருந்தது. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். நல்ல ஏர்பேக் விளக்கு இஞ்சினுக்காகக் காத்திருக்காது. சாவியை மட்டும் போட்டுவிட்டு ஆறு எண்ணினால் தானாகவே அணையும். இவன் கட்டிய விளக்கு இஞ்சின் கிளம்புகிறவரை எரிந்துகொண்டே இருக்கும். ஆறு எண்ண இந்த உலகத்தில் யாருக்குப் பொறுமை இருக்கிறது!

டேஷ்போர்டுக்குள் அடிக்கிற சூட்டில் டேப்பின் பசை இளகும். முறுக்கு அவிழ்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் இந்த இணைப்புக்கு மட்டும் டேப்புக்கு மேல் மூன்று சுற்று நூல் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவான். ஜீன்ஸ் தைக்கிற தடித்த ஆரஞ்சு நூல். துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிற அவன் தங்கச்சி கொடுத்த நூல்கண்டு அது.

"என்னண்ணே, இப்ப காருக்கெல்லாம் பேன்ட் தைக்கிறியா?" என்று அன்றைக்குச் சிரித்தாள்.

"வயர் கட்டறதுக்கும்மா. டேப்பு நிக்க மாட்டேங்குது."

ஆரம்பத்தில் வண்டிக்காரர்களிடம் வாயைத் திறந்து சொல்லத்தான் செய்தான். "சார், விளக்குதான் அணைஞ்சிருக்கு. மோதினா பை வராது. மனசுல வச்சுக்கங்க." சார்கள் சிரிப்பார்கள். "நான் என்ன மோதறதுக்கா ஓட்டறேன்?" என்பார்கள். அப்புறம் அதே சார்கள் வண்டியை விற்பார்கள். வாங்குகிறவனிடம் சொல்வார்களா? நல்லாச் சொல்வார்கள்! இது தெரிந்தும் அவன் விளக்கு அணைப்பதை நிறுத்தவில்லை, சொல்வதைத்தான் நிறுத்தினான். வேலை முடிந்ததும் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் வரும்: "அணைச்சாச்சு."

போன வருடம் தங்கச்சி பழைய கார் ஒன்று வாங்க ஆசைப்பட்டாள். தைத்த துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அலைந்து அவளுக்கு அலுத்துவிட்டது. புரோக்கர் ஒரு நீலக் காரைக் காரேஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். புதுப் பெயின்ட் மினுமினுத்தது. தங்கச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வண்டியை மூன்று தடவை சுற்றி வந்தாள். அவள் புருஷன் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த பரிசோதனை அது ஒன்றுதான்.

"மச்சான், நீங்க பாத்துச் சொன்னா போதும்."

அன்றைக்கென்று பார்த்து வேறொரு வண்டிக்காரர் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். அணைப்பு பிரேக்கை மிதித்துப் பார்த்தான், அடியில் குனிந்து பார்த்தான், உள்ளே உட்கார்ந்து சாவியை ஒரே திருகலில் திருகி இஞ்சினைக் கிளப்பினான். விளக்குகள் வந்தன, போயின. ஆறு எண்ணவில்லை. அந்தத் திருட்டைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள், ஆறு எண்ணவில்லை!

"விளக்கெல்லாம் கரெக்டா வருது, கரெக்டா போகுது. கண்ணை மூடிக்கிட்டு வாங்கும்மா."

அதோடு விட்டானா? பெரிய வாத்தியார் மாதிரி தங்கச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதான் பை விளக்கு. வண்டி எடுக்கறப்ப இது எரிஞ்சு அணையணும். தினமும் பாத்துக்க" என்று பாடம் வேறு நடத்தினான்.

விபத்து நடந்தது ஒரு காலை வேளையில். முன்னால் போன தண்ணீர் லாரி சடாரென்று நின்றது. தங்கச்சி பிரேக்கை மிதித்தாள், போதவில்லை. பெல்ட் இடுப்பைப் பிடித்தது. முகத்தைப் பிடிக்க ஒன்றும் வரவில்லை. ஸ்டீயரிங்கில் போய் முகம் மோதி, மூக்குக்கண்ணாடி உடைந்து, சில்லு இடது கண்ணுக்குள் போனது. இரண்டு ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

நொறுங்கின நீலக் காரை மாப்பிள்ளை காரேஜுக்கே இழுத்து வந்தான். தூங்காத முகம், கசங்கின சட்டை.

"பை ஏன் மச்சான் திறக்கல? சீட்டுக்கு எதிர்லயே எழுதியிருக்கே ஏர்பேக்குன்னு. அப்ப எதுக்கு எழுதி வச்சிருக்கான்?"

அணைப்பு வாயைத் திறப்பதற்குள் காரேஜ் முதலாளி பதில் சொன்னார். "இருபது வருஷத்து வண்டிப்பா. பையை ஊத வைக்கிற மருந்து நமத்துப் போயிருக்கும். பழசானா அப்படித்தான், யாரைன்னு குத்தம் சொல்றது?"

எவ்வளவு சௌகரியமான பதில்! மாப்பிள்ளை தலையாட்டினான். அணைப்பும் கூடச் சேர்ந்து தலையாட்டினான். அப்போது அவனுக்கு நிஜமாகவே வேறு எதுவும் தெரியாது, அதுவரைக்கும் அவனை மன்னிக்கலாம்.

மாப்பிள்ளை போன பிறகு டேஷ்போர்டைக் கழற்றினான். மீட்டரை வெளியே இழுத்ததும் பின்னால் தொங்கியது டேப்பு. டேப்புக்கு மேல் ஆரஞ்சு நூல். மூன்று சுற்று. முடிச்சு.

கதவுக் கீலுக்குப் பக்கத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். நீலத்துக்கு அடியில் வெள்ளை. எந்த வெள்ளைக் கார், எந்த வருடம், எந்த சார், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வைத்துக்கொள்கிற மாதிரி அவன் எதையும் செய்யவில்லையே! நான் கட்டாவிட்டால் வேறொருவன் கட்டியிருப்பான் என்று மனசு ஒரு சப்பைக்கட்டுக் கட்டப் பார்த்தது. 'சீ, நாயே' என்று வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டான். முதலாளி திரும்பிப் பார்த்தார். அவன் அந்த வயர்த் துண்டை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

தங்கச்சி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் நான்கு நாள் அவள் வீட்டுக்குப் போய் வந்தான். நான்கு நாளும் வயர் பையில் இருந்தது. போதாததற்கு அவள் இவனைத் தேற்றினாள்.

"நீ ஏண்ணே இப்படி இளைச்சுப் போற? நீ பாத்துத்தானே வாங்கினோம். அன்னிக்குக் காலைலகூட விளக்கைப் பாத்தேன். எரிஞ்சுது, அணைஞ்சுது. நீ சொன்னபடி ஒரு நாள்கூட நான் பாக்காம எடுத்ததில்ல. பழசாயிடுச்சு, அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

பழசாயிடுச்சு. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லே அவனைக் கடைசிவரை காப்பாற்றியிருக்கும். ஐந்தாம் நாள் போனபோது அவள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணில் கட்டு. வலது கண்ணை இடுக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போனது. எச்சிலில் நனைத்து முறுக்கி மறுபடி நீட்டினாள். அந்தப் பக்கம் போனது. ஒற்றைக் கண்ணுக்கு ஊசி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஏழு தடவை பார்த்தான். எட்டாவது தடவை அவனால் பார்க்க முடியவில்லை. பையிலிருந்து வயரை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"என்னண்ணே இது?"

"உன் கார்ல இருந்துச்சு."

அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை. விரலால் தடவினாள். முப்பது வருடம் நூலோடு புழங்கின விரல்.

"இது என் நூலு" என்றாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சுருள் வயர், ஆயில் விளக்கு, ஆறு எண்ணாதது, ஒன்றுவிடாமல். அழுவாள் என்று எதிர்பார்த்தான், அறைவாள் என்றுகூட எதிர்பார்த்தான்.

"எத்தனை வண்டி?"

"கணக்கு வச்சுக்கலம்மா."

"அந்த நூல்கண்டு இருக்கா? எடுத்துட்டு வா."

காரேஜுக்குப் போய் டூல் பாக்ஸைக் கிளறி எடுத்து வந்தான். அவள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நடுவில் இருக்கிற வெறும் பிளாஸ்டிக்தான், அதில் ஒட்டிக்கொண்டு நான்கைந்து சுற்று. ஒரு வண்டிக்கு ஒரு முழம் என்றால்கூட இருநூறுக்கு மேல். அத்தனை பேரும் இன்றைக்குக் காலையில் சாவியைப் போட்டு, விளக்கு வந்து போவதைப் பார்த்து, நிம்மதியாகக் கிளம்பியிருப்பார்கள்.

"முழுசா குடுத்தேன். கேட்டிருந்தா இன்னொண்ணும் குடுத்திருப்பேன், ஒண்ணும் தெரியாத மண்ணு மாதிரி" என்றாள்.

அவன் அவள் தோளைத் தொடப் போனான். வாழ்க்கையில் முதல் தடவையாக. அவள் நகர்ந்துகொண்டாள். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு ஊசிப் பாக்கெட்டையும் கறுப்பு நூலையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"எல்லாத்துலயும் கோத்து வச்சிட்டுப் போ. நாளைக்கும் வா. தினமும் வரணும்."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் ஊசியை எடுத்தான்.