வேனில் நான் அடைத்த துளைகள்

அப்பாவின் வேனுக்கு எஃப்.சி. எடுக்க ஒன்பது நாள்தான் இருந்தது. வண்டி தேறாவிட்டால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு லாரி ஓட்டப் போவதாக அப்பா சொல்லியிருந்தார். அவருடைய இடுப்பு வலிக்கு லாரி ஆகாது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிங்கர் அண்ணன் வந்தார். டிரைவர் பக்கக் கதவின் அடிப்பகுதியில் ஸ்குரூடிரைவரால் தட்டினார். மூன்றாவது தட்டில் அது தகரத்துக்குள் இறங்கியது. பழுப்புத் தண்ணீர் கொட்டியது.

"இந்த ஓட்டையெல்லாம் யாரு அடைச்சது?"

"நான்தாண்ணே."

போன வருஷம் மழைக்கு முன்னால் துரு வேலையை நானே செய்தேன். நோட்டில் ஆறு வேலை எழுதினேன். துருவைச் சுரண்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது, ரெட் ஆக்சைடு, பட்டி, பெயிண்ட், அடியில் ரப்பர் கோட்டிங். ஆறுக்கும் டிக் போட்ட பிறகு, கதவுகளின் அடியில் வரிசையாகச் சிறு துளைகள் இருப்பதைப் பார்த்தேன். ஏழாவதாக அதையும் எழுதி, பசை பிசைந்து ஒவ்வொன்றாக அடைத்தேன்.

நான் படித்தது செராமிக் டிப்ளமோ. பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் கிளேஸ், அதாவது மேலே பளபளக்கும் பூச்சு, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஊசிமுனை அளவு புள்ளி இருந்தாலும் அந்தப் பொம்மையை ஒதுக்கிவிடுவேன். துளையைக் கண்டால் சும்மா விடக் கை வராது.

"கண்ணாடி ஓரமா எறங்குற தண்ணி எங்க போவும்னு நெனச்ச தங்கச்சி? நீங்க செய்யுற பொம்மைக்கே அடியில ஒரு ஓட்டை வுடுறீங்க இல்ல?"

விடுகிறோம். துளை இல்லாத பொம்மை சூளையில் வெடித்துவிடும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லித் தருகிறேன். வேனுக்கு அடியில் படுத்திருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"நான் அடைக்கிறப்ப பக்கத்துலதானப்பா இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ படிச்ச பொண்ணு. தெரிஞ்சிதான் அடைப்பன்னு இருந்துட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை.

"நல்ல குடும்பம்" என்றார் டிங்கர் அண்ணன். "அவரு உன்ன நம்புனாரு, நீ பசைய நம்புன."

கதவின் வெளிப்பக்கத்தில் அழுகிய பட்டையை மட்டும் வெட்டி எடுத்து அவர் புதுத் தகடு பற்றவைத்தார். ஷிப்ட் முடிந்து வந்து தினமும் நான் உள்பக்கத்தைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தேன். மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி வீங்கிப்போனது. காய்ந்து கல்லாகியிருந்த பசையை ஆணியால் குத்தி எடுத்தேன். பதினாலு துளை. அடைக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திறக்க மூன்று சாயங்காலம் போனது.

வண்டி தேறியது. அப்பா வந்து சாவியை ஆணியில் மாட்டினார்.

"ஒரு வருஷத்துக்கு வுட்டுருக்காங்க. அந்தாண்ட பக்கமும் உள்ள அரிச்சிதான் இருக்குதாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு ஆபீசர் சொல்லிட்டாரு."

சரி என்றேன். நோட்டில் ஏழாவது வரியை அடித்துவிட்டு, 'துளைகளைக் குத்திவிடுவது, வாரம் ஒருமுறை' என்று எழுதினேன்.

அன்று சாயங்காலமே மழை பெய்தது. விட்டதும் போய்க் குனிந்து பார்த்தேன். கதவுகளுக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணினேன். பதின்மூன்று. பின்பக்கம் ஒன்று சொட்டவில்லை. சைக்கிள் கம்பியை எடுத்துக்கொண்டு ஈரத்தரையில் படுத்தேன்.