ஓக் மரத்தடி

வால்தம்ஸ்டோவில் சிவம் மாமா தன் பழைய கரவனின், அந்தச் சக்கர வீட்டின், கதவைத் திறந்தார். காஸும் ஈர மெத்தையும் கலந்த மணம். அந்த நொடியே எனக்குப் பத்து வயது.

அப்பா ஒவ்வொரு கோடையும் எங்கள் கரவனைக் காரில் கொளுவிக் காட்டுக்கு இழுத்துப்போவார். மரங்களுக்கிடையில் விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். நிறுத்தியதும் மேசையில் தேத்தண்ணியை விளிம்புவரை ஊற்றி வைப்பார். சிந்தினால் நிலம் சரிவு, வேறு இடம். மூன்று கோடை தேடி, ஓடைக்கரை ஓக் மரத்தடியில்தான் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது." பிள்ளையார் படத்தில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார்.

மாமாவின் மகள் யாழினி என் உயிர்ச்சிநேகிதி. "நீங்கள் நிக்கிற இடத்திலை ஓடை இருக்கோ?" என்று ஒருநாள் கேட்டாள். இல்லை என்றேன். "பொய்க்காரி" என்றாள். பிறகு என்னோடு கதைக்கவேயில்லை.

மாமா இப்போது மேசையில் தேத்தண்ணியை விளிம்புவரை ஊற்றினார்.

"கொப்பர் பழக்கினது" என்று அப்பாவைச் சொன்னார். "அந்த ஓக் மரத்தடி உங்களுக்கு ஓகஸ்டிலை, எங்களுக்கு யூலையிலை."

"உங்களிட்டைச் சத்தியம் வாங்கேல்லையோ, மாமா?"

"சத்தியமோ? வழி பிழைக்கக்கூடாதெண்டு படமே கீறித் தந்தவர், பிள்ளை. யாழினிதான் அதை மடியிலை வைச்சு வழி சொல்லிக்கொண்டு வருவாள்."