சடையங்குப்பத்தில் நான் காட்டிய காந்த வித்தை

ஆராய்ச்சி மாணவனுக்குத் திருவொற்றியூரில் பெண் கொடுக்க மாட்டார்கள். "இன்னா வேலை பாக்குற?" என்று கேட்பவர்களிடம், "காந்தத்தால் தண்ணீரைக் கழுவுகிறேன்" என்பேன். உடனே என் அம்மாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

பொய்யில்லை. கரித்தூளில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களை ஏற்றி ஒரு கருப்புப் பொடி செய்திருந்தேன். பூச்சிமருந்து கலந்த தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மருந்து பொடியில் ஒட்டிக்கொள்ளும். வெளியே காந்தத்தை வைத்தால் பொடி மொத்தமும் ஓரம் ஒதுங்கும், தெளிந்ததை வடித்துக்கொள்ளலாம். என்ன, வாரம் முழுக்கக் கை கருக்கச் செய்த பொடி ஒரு சொம்புக்குத்தான் காணும்.

தண்ணீர், சடையங்குப்பத்துக் கிணற்றிலிருந்து. எனக்கு இறைத்துத் தரும் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறைப்பார். கிணறு கெட்டதற்காகப் பக்கத்துப் பூச்சிமருந்துத் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டு வாங்கிய லாரித் தண்ணீரைத்தான் அந்தத் தெருவே குடித்தது.

ஒருநாள் என் பேராசிரியர், "தொழிற்சாலைக்காரங்க பாக்கணுமாம். அந்தத் தெருவிலயே செஞ்சு காட்டு. நீதான் நல்லா பேசுவியே," என்றார். எனக்கு இது போதாதா? பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை விரலில் சுழற்றி, "கை தட்டினாத்தான் பொடி நகரும்!" என்றேன். தெருவே தட்டியது. நகர்ந்தது. தொழிற்சாலை அதிகாரி என் கையைக் குலுக்க, போட்டோ எடுத்தார்கள். அதில் என் பல்தான் பெரிதாக விழுந்திருக்கும்.

அடுத்த வாரம் லாரி வரவில்லை. கிணற்றைச் சுத்தம் பண்ண வழி கிடைத்துவிட்டது, இனி லாரி எதற்கு என்றார்களாம் தொழிற்சாலையில்.

பேராசிரியரிடம் ஓடினேன். "ஒரு சொம்புக்குத்தான் காணும்னு சொல்லலையா சார்?"

"அவங்க கேக்கலையேப்பா."

அவருக்குப் பின்னால் தொழிற்சாலை வாங்கித் தந்த புது மிஷின், பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. கோமாளி வேஷம் நானே ஆசைப்பட்டுப் போட்டதுதான். சர்க்கஸ் கூடாரம் யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

சடையங்குப்பம் போனபோது அக்கா சைக்கிளில் காலிக் குடங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் இல்லக்கா, எங்க சாரு..."

"சார எனக்குத் தெரியாது நைனா. என் வூட்ல டீ குடிச்சவன் நீ. நீ தட்டச் சொன்ன, தட்டினோம்."

சைக்கிளை நான் தள்ளுகிறேன் என்று ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.

"வுடு," என்றார். "தண்ணிக்கு மணலி வரைக்கும் போவணும்."