வசந்தா சொன்ன லைன்

போன வாரம் என் மகள் அடுத்த அறையில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அவர் எனக்கு டாட்டட் லைன்தான், நேர் லைன் இல்லை" என்றாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். பெங்களூரில் ஒரு மேலாளர், கடலுக்கு அப்பால் இன்னொருவர். சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர் நேர் லைனாம். வேலையை மட்டும் வாங்கிக்கொள்கிறவர் புள்ளி வைத்த லைனாம். அவள் இதை எனக்கு விளக்கும்போது நான் தலையை ஆட்டினேனே தவிர, காதில் நின்றது அந்த ஒரு சொல்தான். லைன். உடனே மூக்கில் ஈர லிக்னைட்டின் வாசனை.

முகர்ந்து பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மழையில் நனைந்த பழுப்பு நிலக்கரி, நெடுநாள் பூட்டிக் கிடந்த மரப்பெட்டியைத் திறந்ததுபோல மணக்கும். அதற்குள் ஊதி அணைத்த தீக்குச்சியும் கொஞ்சம் இருக்கும். எங்கள் குவார்ட்டர்ஸில் மாடியில் காயப்போட்ட துணிக்குக்கூட அந்த வாசனை ஏறிவிடும். நெய்வேலியில் இருந்தவரை அதை வாசனை என்றே நினைத்ததில்லை.

நெய்வேலியில் லைன் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுரங்கத்தில் வெட்டிய மண்ணை மறுகோடிக்குச் சுமந்துபோகும் பெல்ட் வரிசை. "லைன் ஓடுதா?" என்பதுதான் ஷிப்ட் மாறுகிறவர்களின் முதல் கேள்வி. என் கணவர் உட்பட பல ஆண்கள் வீட்டில் சாப்பாடு தாமதமானாலும் சமையலறையை எட்டிப் பார்த்து, "என்ன, லைன் நின்னு போச்சா?" என்பார்கள். நகைச்சுவை என்று நினைப்பு. தினமும் சொல்வார்கள்.

இந்தச் சொல்லால்தான் எனக்கு வர வேண்டிய ஒன்று வசந்தாவுக்குப் போயிற்று.

வசந்தாவும் நானும் கொள்முதல் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒரே பிளாக், ஒரே கம்பெனி பஸ், ஒரே இருக்கை. என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அவள் பக்கத்திலேயே இருக்கும் குறிஞ்சிப்பாடிப் பெண். அவள் பேசுகிறபோது என் காது கொஞ்சம் நிமிரும். என் பேச்சு அவளுக்குச் சிரிப்பாக இருக்கும். நாட்டின் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 'மேலாண்மை' என்ற சொல் அப்போதுதான் டவுன்ஷிப்புக்குள் குடிவந்தது. ஊழியர்களுக்காக மாலை வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். ஒரு தொடக்கப் பள்ளியின் அறையில் நடந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பெஞ்சு. முழங்கால் மோவாயைத் தொட, நாட்டின் எதிர்கால நிர்வாகிகள் உட்கார்ந்திருந்தோம்.

பேராசிரியர் சிதம்பரத்திலிருந்து வருவார். சேத்தியாத்தோப்பில் பஸ் மாறுகிறவர், பெரும்பாலும் தாமதம்தான். வந்ததும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "திட்டமிடல்தான் முதல் படி" என்று தொடங்குவார். யாரும் சிரிக்க மாட்டோம். நல்ல மனிதர்.

எங்கள் பிரிவிலிருந்து ஒருவரை, ஒரே ஒருவரை, ஹைதராபாத்துக்கு நீண்ட பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தார்கள். போய்வந்தால் ஆபீசர் கிரேடு. பிரிவிலிருந்து வகுப்பில் சேர்ந்திருந்தது நாங்கள் இருவர் மட்டுமே. யாரை அனுப்பலாம் என்று பேராசிரியர் சொல்வதை வைத்துப் பிரிவுத் தலைவர் முடிவு செய்வார். இதை எங்களிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள்.

நான் படித்தேன் என்றால் சாதாரணமாகப் படிக்கவில்லை. நிர்வாகத்தின் பதினான்கு கொள்கைகளையும் வரிசை மாறாமல், பின்னாலிருந்து முன்னாலும் சொல்வேன். வேலைப் பகிர்வு, அதிகாரமும் பொறுப்பும், ஒழுங்கு, கட்டளை ஒருமை... குளியலறையில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கணவர் வெளியே நின்று, "உள்ள என்ன, பிள்ளையார் பூசையா? நூத்தியெட்டு நாமம் முடிஞ்சா சொல்லு, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றார். வசந்தா வகுப்புக்குப் புத்தகம்கூடக் கொண்டுவர மாட்டாள். முறுக்கு கொண்டுவருவாள்.

கட்டளை ஒருமை நடத்திய நாள் நினைவிருக்கிறது. ஒரு ஊழியருக்கு ஒரே மேலதிகாரிதான் இருக்க வேண்டும் என்றார் பேராசிரியர். வசந்தா உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"சார், இது பொம்பளைங்களுக்கும் உண்டுங்களா?"

"எல்லாருக்கும் பொதுதாம்மா."

"எங்க வூட்ல மாமியா ஒரு பாஸு, அவரு ஒரு பாஸு, பையன் இப்ப ட்ரெய்னிங்ல இருக்கறான் சார்."

அறை குலுங்கியது. நானும் சிரித்தேன். ஆனால் கட்டளை ஒருமைக்கும் இயக்க ஒருமைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பார் என்று தயாராக வைத்திருந்த பதில் வீணாயிற்று. அவர் கேட்கவில்லை. சிரித்த முகத்தோடு அடுத்த கொள்கைக்குப் போய்விட்டார்.

தேதி விஷயத்தில் நான் கறார். அந்தப் பெரிய நாளை ஆடி என்று எழுதப்போனேன், இல்லை, ஆவணி. பக்கத்து பிளாக்கில் கட்டியிருந்த கல்யாண ஒலிபெருக்கியின் சத்தத்தில் பேராசிரியர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். ஆடியில் எங்கே கல்யாணம்? கிழமை சனி. ஞாயிறாக இருக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குக் கம்பெனி பஸ் இல்லை. நாங்கள் பஸ்ஸில்தான் திரும்பினோம்.

"லைன் அமைப்பு என்றால் என்ன? யார் சொல்றீங்க?" என்று கேட்டார்.

என் கை உயர்ந்தது. மேலிருந்து கீழாக அதிகாரம் ஒரே நேர்க்கோட்டில் இறங்கும் நிர்வாக அமைப்பு. நிறைகள், குறைகள் எல்லாம் நாக்கு நுனியில். ஆனால் வசந்தா கையை உயர்த்தாமலே எழுந்து நின்றுவிட்டாள். புத்தகம் இல்லாதவளுக்கு, கேள்வி சுரங்கத்தைப் பற்றியது என்று தோன்றிவிட்டது. அவள் கணவர் பெல்ட்டில்தான் வேலை.

"லைன்னா சார், மேல வெட்டற மண்ணு மொத பெல்ட்ல வுழும். அது ரெண்டாவதுல கொட்டும், அது மூணாவதுல. அப்டியே போய்க்கினே இருக்கும். நடுவுல எதையும் தாண்டிக்கினு போவாது."

பின்வரிசையில் சிரிப்புத் தொடங்கியது. "ஏம்மா, அவரு ஆபீஸைக் கேக்கறாரு, நீ மைன்ஸுக்கு எறங்கிட்டியே!" என்றார் ஒருவர்.

அவள் விடவில்லை. "இருங்கண்ணே, முடிச்சிடறேன். கீழ ஒரு பெல்ட்டு நின்னுட்டா சார், மேல இருக்கறது எல்லாம் ஒடனே நின்னுடணும். இல்லன்னா கொட்டறது குமிஞ்சிக்கினே போயி கீழ இருக்கறத மூடிடும். எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு, லைன ஓட்டறது பெருசு இல்ல, கீழ நின்னா மேல தெரியணும், அதான் லைனுன்னு."

எல்லோரும் சிரித்தார்கள், பேராசிரியரைத் தவிர. அவர் கரும்பலகைக்குப் போய், படிப்படியாக இறங்கும் பெல்ட்டுகளை வரைந்தார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பதவியின் பெயரை எழுதினார். கடைசி பெல்ட்டின் மேல் 'தொழிலாளி'.

"மேலேயிருந்து உத்தரவு கொட்டிக்கிட்டே இருக்கு. கீழே நின்னு போனது மேலே தெரியலை. அப்படித்தான் நிர்வாகங்கள் புதைஞ்சு போகுது" என்றார். பிறகு வசந்தாவைப் பார்த்து, "இத்தனை வருஷமா லைன் பாடம் நடத்தறேன். அது நிக்கவும் தெரியணும்னு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லைம்மா" என்றார்.

பொறுக்க முடியாமல் நான் எழுந்து புத்தகத்தில் உள்ள விளக்கத்தை முழுவதுமாகச் சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை.

"சரியாச் சொன்னீங்க. உட்காருங்க" என்றார்.

சரியாகச் சொன்னேன் என்று சொல்லி இவ்வளவு காயப்படுத்த முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பஸ்ஸில் வசந்தா என் தோளை இடித்தாள். "ஏன்டி, நான் தப்பாத்தானே சொன்னேன்? அவரு இன்னாத்துக்கு அப்டி பூரிச்சிப் போனாரு?"

அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. தான் சொன்னதன் அருமை தெரியாதவளுக்கு அது கிடைத்திருந்தது, தெரிந்தவளுக்குக் கிடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹைதராபாத்துக்கு அவள் போனாள். திரும்பி வந்தபோது ஆபீசர். ஜீப் வந்து அழைத்துப் போகும். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை பெரிதாக எங்கும் நகரவில்லை. புத்தகங்கள் படித்தேன். ஒன்றில்தான் தெரிந்துகொண்டேன்: நான் தலைகீழாகச் சொன்ன அந்தப் பதினான்கு கொள்கைகளை வகுத்த பிரெஞ்சுக்காரர் கல்லூரி ஆசிரியர் அல்ல, நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர். சுரங்கத்திலிருந்து எழுந்த பாடத்தைச் சுரங்க ஊரில் உட்கார்ந்து நான் குளியலறையில் மனப்பாடம் செய்திருக்கிறேன். செத்துப்போன அந்த மனிதரும் வசந்தா பக்கம்தான் என்று தெரிந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும் அல்லவா? வேடிக்கை பாருங்கள், நான் குறிஞ்சிப்பாடியில் வீடு வாங்கினேன், குறிஞ்சிப்பாடிக்காரி மகனோடு புனேவில் இருக்கிறாள். மகளின் டாட்டட் லைனைக் கேட்ட அன்று மாலையே அவளுக்குப் போன் செய்தேன். மழை, முட்டிவலி, பேரப்பிள்ளை எல்லாம் பேசி முடித்த பின் கேட்டேன்.

"அந்த லைன் பதில் ஞாபகம் இருக்கா வசந்தா?"

"எந்த லைனு?"

சொன்னேன். ஜன்னல் சாத்தியதிலிருந்து கரும்பலகைப் படம் வரை. அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அது நீ சொன்னதுடி."

"நானா?"

"நீதான். எப்பப் பாத்தாலும் எழுந்து எழுந்து பதில் சொல்லுவ. எனக்கு இன்னா தெரியும், நான் முறுக்கு தின்னுக்கினு இருந்தேன்."

"இல்லடி. நீதான் சொன்னே. அதனாலதான் உன்னை ஹைதராபாத் அனுப்பினாங்க."

"அப்டியா? சீனியாரிட்டில அனுப்பிச்சாங்கன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்." பிறகு பழைய சிரிப்பைச் சிரித்தாள். "சரி வுடு, யாரு சொன்னா இன்னா? புடிச்சிருந்தா நீயே வச்சிக்க."

மிஞ்சிய குழம்பை மதில் மேல் நீட்டுவதுபோல நீட்டிவிட்டாள். இத்தனை வருடம் நான் எதை நினைத்து வெந்தேனோ, அது அவளிடம் இருந்ததே அவளுக்குத் தெரியாது. கொடுக்கிறபோதும் எவ்வளவு தாராளம். அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

வாங்கிக்கொண்டால் மறுக்க ஆளில்லை. பேராசிரியர் போய்விட்டார். பெல்ட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த வசந்தாவின் கணவரும் இல்லை. சிரித்த பின்வரிசை எந்தெந்த ஊர்களுக்கோ கலைந்துபோயிற்று. பள்ளி அறை இருந்த இடத்தில் முள் மண்டியிருக்கிறது. அந்த லைன் ஓடிய பள்ளத்தை மண் போட்டு மூடி மரம் வைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்த ஆவணிச் சனிக்கிழமையை வைத்திருப்பவள் இனி நான் ஒருத்திதான். போனை வைத்த பிறகு அதில் என்னை எழுப்பி நிற்கவைத்துப் பார்த்தேன். நிற்கிறேன். ஆனால் வாயைத் திறந்து பேசுகிறவள் வசந்தாதான்.