அறுநூறு பிரசவப் பைகள்

மலேசியாவில் யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவள் ஐலீன். பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷ அனுபவம். சுங்க அதிகாரி வாயைத் திறப்பதற்குள் பதில் தாளில் இருக்கும் என்று அவளுக்குப் பேர். அதனால்தான் நிவாரணக் குழு நடத்திய டாக்டர் சிவகணேசன், போர் நடக்கும் ஊருக்குப் போகும் மருந்துகளின் பட்டியலை அவளிடம் ஒப்படைத்தார்.

பிரசவப் பைகள் அவளுடைய யோசனை. ஸ்கூடாய் தேவாலய மண்டபத்தில் பெண்களோடு தரையில் உட்கார்ந்து அறுநூறு பை கட்டினாள். சோப்பு, கையுறை, வெள்ளைத் துணி, தொப்புள்கொடியைக் கட்ட நூல், வெட்ட ஒரு சின்னக் கத்தரிக்கோல்.

கப்பலில் போன மருந்தையும் பைகளையும் ஏற்றிய பதினோரு லாரிகள் போர் நடக்கும் நாட்டின் எல்லைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே பத்தொன்பது நாள் நின்றன. வேறொரு நாட்டில் தூதர்கள் கூடிப் பேசினார்கள், கலைந்தார்கள், மறுபடி கூடினார்கள். பத்திரத்தில் இருந்தது ஐலீனின் போன் எண் என்பதால் லாரி ஓட்டுநர் சமீர் தினமும் அவளையே அழைத்தான். "டுடே, சிஸ்டர்?" அது ஒன்றுதான் கேட்பான். இன்சுலினைக் குளிராக வைத்திருந்த ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துகொண்டிருந்தது.

இருபதாம் நாள் காலை பத்து மணிக்கு, ஸ்கூடாய் நெடுஞ்சாலை நெரிசலில் அவள் கார் அசையாமல் நின்றபோது, பேச்சுவார்த்தை நடந்த ஊரிலிருந்து டாக்டர் அழைத்தார்.

"ஐலீன், ஒத்துக்கிட்டாங்க. ஆறு மணி நேரம் சண்டைய நிறுத்துறாங்க. நம்ம நேரம் பதினோரு மணிக்கு ஆரம்பம்."

"கடவுளே! அப்போ லாரிங்க போலாமா?"

"கத்தரிக்கோல எல்லையில விடமாட்டாங்களாம். ஆயுதமா ஆகுமாம். பட்டியல்ல பிரசவப் பைங்கள அடிச்சிட்டு நீங்க புதுசா கையெழுத்துப் போடணும். அனுப்புனவங்க போட்டாதான் செல்லும்."

"அலமாக், டாக்டர்! கத்தரிக்கோல மட்டும் எடுத்துட்டா?"

"அறுநூறு பைய ஒரு மணி நேரத்துல யாரு பிரிக்கிறது? இன்சுலின் நாளை வரைக்கும் தாங்காது."

"அந்தப் பொம்பளைங்க எதால வெட்டுவாங்க?"

"அதையும் கேட்டேன், ஐலீன்."

"இன்னொரு தடவ கேட்டுப் பாருங்க, ப்ளீஸ்லா."

அவர் கேட்கப் போனார். முன்னால் சிமெண்டு லாரி, பக்கத்தில் தொழிற்சாலை பஸ். காரை ஓரங்கட்டவும் இடமில்லை. அரை மணி நேரத்தில் கார் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியிருந்தது. திரும்ப வந்த பதில், முடியாது.

பத்து நாற்பதுக்குப் போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டாள். அது அவள் கையெழுத்து மாதிரியே இல்லை. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

பைகள் எல்லைக் கிடங்கில் இறங்கின. லாரிகள் உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வெளியே வந்தன. ஆறு மணி நேரம் முடிந்ததும் குண்டுகள் மறுபடி விழுந்தன.

பத்து நாள் கழித்து உள்ளேயிருந்து ஒரு மருத்துவச்சியின் செய்தி வந்தது. இன்சுலினுக்கு நன்றி சொல்லியிருந்தாள். பட்டியலில் கண்ட பிரசவப் பைகள் எங்கே என்று கேட்டிருந்தாள். 'வருகிறது' என்று எழுதி அழித்தாள் ஐலீன். பிறகு உள்ளதைச் சொன்னாள்: தானே பட்டியலில் பைகளை அடித்துக் கையெழுத்துப் போட்டதாக.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "சவர பிளேடைக் கொதிக்க வைத்து வெட்டுகிறோம். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல்."

அவள் கணவன் பெர்னார்ட் அதைப் படித்துவிட்டுச் சொன்னான். "நீ போடலன்னா மருந்தும் போயிருக்காது ஐலீன்."

"தெரியும்லா. தெரிஞ்சு என்னாங்க?"

மறுநாள் சமீரை அழைத்தாள். அவனும் கிடங்கு ஆட்களும் மூன்று நாள் உட்கார்ந்து அறுநூறு பையையும் பிரித்துக் கத்தரிக்கோலை எடுத்தார்கள். அவள் புதுப் பட்டியல் எழுதி அனுப்பினாள். அடுத்த சண்டை நிறுத்தத்துக்குத் தூதர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் இதுவரை நான்கு முறை எல்லை அதிகாரிகளின் கேள்வியோடு திரும்பி வந்துவிட்டது. நேற்று வந்த கேள்வி நூலைப் பற்றியது. எத்தனை நீளம், எதற்கு?

பைக்கு அறுபது சென்டிமீட்டர், தொப்புள்கொடி கட்ட, என்று எழுதி அனுப்பினாள்.